ஆமிக்காரர் பேரில ஒரு விவசாய ஸ்கொலசிப்

வணக்கம் அண்ணை,

நான் அயோவாவில இருக்கிறன், ஊர் கோப்பாய். எங்கட பக்கத்து வீட்டு ஐயா, வெள்ளைக்காரர், போன வருசம் மோசம் போயிட்டார். கொரியாச் சண்டைக்குப் போய் வந்து, அரசாங்கக் காசில கம்பஸ் படிச்சு, கனகாலம் ஹைஸ்கூலில விவசாயம் படிப்பிச்சவர். பிள்ளையள் அவற்ற பேரில ஒரு ஸ்கொலசிப் தொடங்கியிருக்கினம், யாழ்ப்பாணத்தில ஒரு பிள்ளைக்கும் குடுப்பம், நீ ஒழுங்குபடுத்து எண்டினம். எனக்கு ரெண்டு யோசினை. அறிவித்தலில 'முன்னாள் இராணுவ வீரர்' எண்டு போட்டா எங்கட சனம் என்ன நினைக்கும்? மற்றது, ஏ.எல் சோதினையில முதலாவதா வாற பிள்ளைக்குக் குடுக்கிறதுதானே வழமை, அப்பிடியே செய்வமோ?

(ஒரு வாசகர்)

தம்பி,

ஆமி எண்டா இஞ்ச ஆக்களுக்கு என்ன ஞாபகம் வரும் எண்டு உமக்கும் தெரியும், நான் நீட்டேல்லை. ஆனா மறைக்க வேண்டாம். மொட்டையா 'இராணுவ வீரர்' எண்டு போடாமல், கொரியாவில சண்டை பிடிச்ச அமெரிக்க ஆமிக்காரர், பிறகு விவசாய வாத்தியார் எண்டு முழுசா எழுதும், சனத்துக்கு விளங்கும்.

அவற்ற கதையில ரெண்டையும் பிரிக்கவும் ஏலாது. 1944இல அங்க ஜி.ஐ. பில் எண்டு ஒரு சட்டம் வந்தது, உலக யுத்தத்தால திரும்பி வாற பெடியளைப் படிப்பிக்க. எல்லாரும் கம்பஸ் போனவையைத்தான் சொல்லுவினம், ஆனா ஏறக்குறைய 7 லட்சம் பேர் அந்தக் காசில எடுத்தது தோட்டப் பயிற்சி, காணியில வேலையும் செய்துகொண்டு வகுப்புக்கும் போறது. கொரியாவுக்குப் போனவைக்கு 1952இல வேற சட்டம் வந்தது, உம்மட ஐயா அதில படிச்சிருப்பார்.

ரெண்டாவதுக்கு எனக்குச் சம்மதமில்லை. ஏ.எல்லில முதலாவதா வாற பிள்ளைக்கு மாலை, மெடல், பேப்பரில படம் எல்லாம் ஏற்கனவே இருக்கு. அது மெடிசினுக்கோ என்ஜினியரிங்குக்கோ போகும், நல்லாப் போகட்டும். ஆனா வாழ்க்கை முழுக்க விவசாயம் படிப்பிச்ச மனுசன்ர பேர் அங்க என்னத்துக்கு? வவுனியா விவசாயக் கல்லூரிக்கு டிப்ளோமா செய்யப் போற பிள்ளையைத் தேடும். கிளிநொச்சி அறிவியல்நகரில இருக்கிற யாழ்ப்பாணக் கம்பஸின்ர விவசாய பீடமும் நல்லதுதான், ஆனா கம்பஸ் பிள்ளையளில கனபேருக்கு மஹாபொல எண்ட அரசாங்க உதவிக் காசாவது வரும்.

அந்தப் படிப்பு படிச்ச ஆக்கள் எங்களுக்குத்தான் கூடத் தேவை. வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லாத இடம், எல்லாம் கிணத்துத் தண்ணி, கீழ சுண்ணாம்புக்கல்லு, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அள்ளிப் போடுற யூரியா இறங்கி நைத்திரேற்றா அதே கிணத்துக்குத்தான் வருது, அதைத்தான் குடிக்கிறம். 2021இல அரசாங்கம் ஒரேயடியா இரசாயன உர இறக்குமதியை நிப்பாட்டேக்க கொஞ்சமாப் போட்டு எப்பிடிச் சமாளிக்கிறது எண்டு பக்கத்தில நிண்டு சொல்ல ஒவ்வொரு ஊரிலயும் ஒராள் இருந்திருந்தா சனம் அவ்வளவு தவிச்சிராது.

தெரிவு செய்யிறதுக்குக் கட்டுரை கேக்காதேயும், ரியூசன் மாஸ்டர் எழுதிக் குடுப்பார். அமெரிக்காவில 1917இல ஸ்மித்-ஹியூஸ் சட்டம் எண்டு வந்து விவசாய வாத்திமாருக்குச் சம்பளம் குடுக்கேக்க ஒரு நிபந்தனையும் வைச்சது: பிள்ளை வருசத்தில 6 மாசமாவது தோட்டத்தில வேலை செய்யவேணும், அதுக்கு ஒரு மேற்பார்வை இருக்கவேணும். அதாலதான் அங்கத்தை விவசாய வாத்திமார் பிள்ளையளின்ர வீடு வீடாப் போய் மாட்டையும் சோளத்தையும் பாக்கிறவை. அதையே செய்வம். ஆரும் ஒராள் வீட்டை போய், நாலு மிளகாய்க் கண்டு நிண்டாலும் பரவாயில்லை, இலை சுருண்டேக்க என்ன செய்தனீ எண்டு கேட்டா அந்தப் பிள்ளைக்குக் கதைக்கத் தெரியுதோ எண்டு பாத்தாக் காணும்.

காசை பாங்கில நிலையான வைப்பில போட்டிட்டு மறக்கிற வேலை வேண்டாம். 2022இல 20 வீதத்துக்கு மேல போன வட்டி பிறகு பாதிக்கும் கீழ வந்திட்டுது, அதை நம்பி ஒரு பிள்ளையை ரெண்டு வருசம் படிப்பிக்க ஏலாது. மாசாமாசம் பிள்ளையின்ர கணக்குக்கே போகட்டும், பஸ் காசு, சாப்பாடு, வயலுக்கு ஒரு கம்பூட்ஸ். மேடையில பெரிய அட்டைச் செக்கைத் தூக்கிப் படம் எடுக்கிறது வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு தரலாம் எண்டு ஐயாவின்ர பிள்ளையளோட கதைச்சிட்டு எழுதும். உம்மட ஊர்ப் பக்கம் விவசாயம் படிப்பிக்கிற டீச்சர் ஒராளை எனக்குத் தெரியும், அவவிட்டக் கேட்டு வைக்கிறன்.