36-ஐ நம்பிக் கொழும்புக்கு வராதீர்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். கணவருக்குக் கொழும்புக்கு மாற்றல், அடுத்த மாதம் திருச்சியிலிருந்து வருகிறீர்கள். வீடு வெள்ளவத்தையில் பார்ப்பதா தெஹிவளையிலா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எப்படி, பருப்பு, புளி எல்லாம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் கூச்சத்தோடு ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: உடம்பு ஒல்லி, மார்பு மட்டும் நிறைவு, கடையில் எப்போதும் 36 தான் தருகிறார்கள், அது நிற்பதே இல்லை, அங்கே நல்ல பிரா கிடைக்குமா, இல்லை ஒரு டஜன் வாங்கி வந்துவிடவா என்று. அந்தக் கடைசி வரிக்குத்தான் நான் பதில் எழுதப் போகிறேன். மற்றதெல்லாம் வந்த பத்து நாளில் தானாகத் தெரிந்துவிடும். இது அப்படித் தெரியாது. எனக்குத் தெரிய மூன்று வருஷம் ஆனது.

ஒரு டஜன் வாங்காதீர்கள். 36-இல் ஒன்றுகூட வாங்காதீர்கள்.

நான் மதுரையிலிருந்து இங்கே வந்தது 2008 ஜூனில். கல்யாணமாகி எட்டு மாதம். பெட்டியில் ஆறு பாடி, ஆறும் 36 பி. கல்லூரிக் காலத்தில் ஒரு கடைக்காரப் பெண் என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்துப் போட்ட அளவு அது. அதுதான் என் அளவு என்றே நினைத்திருந்தேன். இங்கே அப்போது போர்க்காலம். காலி ஊரை நோக்கிப் போகும் பெரிய சாலையான காலி வீதியில் சோதனைச் சாவடிகள். ஒரு நாள் திரைக்குப் பின்னால் ஒரு பெண் காவலர் முதுகைத் தடவிச் சோதித்தபோது, ஏற்கெனவே தொளதொளத்துப் போயிருந்த பட்டையின் கொக்கி கழன்றுவிட்டது. பின்னால் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். நின்று மாட்டிக்கொள்ள இடமும் இல்லை, கேட்க மொழியும் இல்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வீடுவரை நடந்தே வந்தேன். கதவைச் சாத்திய பிறகுதான் அழுதேன். இந்த ஊரில் எனக்கென்று சொல்லி அழ ஒருவரும் இல்லை என்பது அன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது.

அப்படி ஒருவர் கிடைத்தது 2011-இல். எங்கள் மாடியில் ஹட்டன் பக்கத்து அக்கா ஒருவர் வாடகைக்கு வந்தார். ஒன்பது வருஷம், ஏற்றுமதித் தொழிற்சாலைகள் இருக்கும் கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் பிரா தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தைத்து வரும் உருப்படிகளைக் கையில் எடுத்துப் பார்த்து, கோணல் இருந்தால் திருப்பி அனுப்பும் வேலை. மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த என் பாடியைப் பார்த்துவிட்டு, "இது ஒங்க அளவே இல்லையே தங்கச்சி, தோள் வலிக்கலையா?" என்றார். தோள் வலித்தது. இரண்டு தோளிலும் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றே அளந்தார். அவர் அளந்தபடியே நீங்களும் இன்றைக்கே அளந்து பாருங்கள். தையல் டேப்பை மார்புக்கு நேர் கீழே, விலா எலும்பின் மேல் சுற்றி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, இறுக்கிப் பிடியுங்கள். டேப் முதுகில் மேலே ஏறாமல் நேராக இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். எனக்கு 29½ அங்குலம். அப்புறம் இடுப்பை வளைத்து முன்னால் குனிந்து, மார்பின் நிறைவான இடத்தில் டேப்பைத் தொட்டும் தொடாமலும் சுற்றுங்கள். கனமான மார்பு நிமிர்ந்து நின்றால் சரிந்துவிடும், குனிந்தால்தான் முழு அளவு வரும். எனக்கு 37. கீழ்ச்சுற்று 30 என்று எடுத்துக்கொண்டால், 37-இல் 30 போக 7. ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு எழுத்து. பிரிட்டன் கணக்கில் 1 ஏ, 2 பி, 3 சி, 4 டி, 5 டிடி, 6 இ, 7 எஃப். என் அளவு 30 எஃப். நான் போட்டுக்கொண்டிருந்ததோ 36 பி. நம்பவே முடியவில்லை. எஃப் என்றால் சினிமாவில் காட்டும் ஏதோ ஒரு உடம்பு என்று நினைத்திருந்தேன். எழுத்து மட்டும் தனியாக ஒன்றையும் சொல்லாது. 30 எஃப் கப்பில் பிடிக்கும் அளவுதான் 32 இ-யிலும், 34 டிடி-யிலும், 36 டி-யிலும் பிடிக்கும். அப்படிப் பார்த்தால் 36 பி-யில் பட்டையும் தொங்கியது, கப்பும் போதவில்லை, இரண்டு தவறும் ஒன்றாக.

கடைக்காரர்கள் ஏன் 36 தருகிறார்கள் என்று கேட்டால், சில இடங்களில் கீழ்ச்சுற்றோடு 4, 5 அங்குலம் கூட்டும் பழைய கணக்கு இன்னும் ஓடுகிறது. சிலர் மார்பின் சுற்றளவையே எண்ணாகச் சொல்லிவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அலமாரியில் இருப்பது அதுதான். பாரத்தைத் தாங்க வேண்டியது ஸ்ட்ராப் அல்ல, கீழே சுற்றி வரும் பட்டை. பட்டை தளர்ந்தால் பின்னால் ஏறும், பின்னால் ஏறினால் முன்னால் இறங்கும், அந்தப் பாரம் முழுக்கத் தோளுக்குப் போகும். ஸ்ட்ராப்பை இழுத்து இழுத்து இறுக்குவது அதற்கு மருந்தே இல்லை.

புதிதாக ஒன்றைப் போட்டுப் பார்க்கும்போது எல்லாவற்றிலும் தளர்வான கடைசிக் கொக்கியில் மாட்டுங்கள். அதிலேயே பட்டை இறுக்கமாக நிற்க வேண்டும். துணி இளக இளக உள் கொக்கிக்குப் போகலாம். இரண்டு விரல் நுழைந்தால் போதும், கை நுழைந்தால் பெரிது. குனிந்து, அக்குள் பக்கம் ஒதுங்கியிருக்கும் சதையைக் கையால் கப்புக்குள் வாரி வைத்துவிட்டு நிமிருங்கள். இதைச் செய்யாமல் யாரும் கப் அளவைப் பற்றிப் பேசவே கூடாது. நடுவில் இரண்டு கப்பும் சேரும் இடம் நெஞ்செலும்பைத் தொட்டு உட்கார வேண்டும். எழும்பி நின்றால் கப் சின்னது. வயர் மார்பைச் சுற்றி விலாவில் முடிய வேண்டும், மார்பின் மேல் ஏறிக் குத்தக் கூடாது.

இப்போது கொழும்புக் கடைகளுக்கு வருகிறேன், இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். இந்த நாட்டின் ஏற்றுமதியில் ஆடைக்குப் பெரிய இடம் உண்டு. கட்டுநாயக்க வலயம் 1978-இல் வந்தது. நான் வந்த அதே 2008-இல் இந்த நாட்டு ஆடை நிறுவனமான மாஸ் துல்ஹிரியவில் ஒரு பசுமைத் தொழிற்சாலையே திறந்தது, மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்கு உள்ளாடை தைக்க. நீங்கள் திருச்சியில் பார்க்கிற அமாந்தே பிராண்டும் மாஸ் தொடங்கியதுதான், 2021-இல் ரிலையன்ஸ் வாங்கியது. இவ்வளவு நுணுக்கமாகத் தைக்கத் தெரிந்த கைகள் இருக்கிற ஊரில், நான் ஒரு கடைக்குள் போய் 30 கேட்டால், "நே மிஸ்" என்று 34 பி-யை எடுத்து நீட்டுகிறார்கள். அதைத் தைத்த பெண்ணுக்கே அவள் அளவில் ஒன்று உள்ளூர்க் கடையில் கிடைக்காது. மாடி அக்கா இதைச் சொல்லி வருத்தப்படுவார், எனக்கும் ஆறவில்லை. பல கடைகளில் உள்ளாடையை ஃபிட்-ஆன் பார்க்க விடவும் மாட்டார்கள். டிரையல் ரூமை இங்கே ஃபிட்-ஆன் என்றுதான் சொல்வார்கள், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் டேப்பைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போகிறேன். கடை மேசையில் பிராவைப் போட்டு, ஒரு முனைக் கொக்கியை டேப்பின் நுனியோடு சேர்த்துப் பிடித்து, பட்டையை முழுக்க இழுத்துப் பார்ப்பேன். 30, 31 வரை வந்தால் எனக்குச் சரி. லேபிளில் 32 என்று போட்டிருந்தாலும் 36 வரை இழுபட்டால் வைத்துவிட்டு வருவேன். முதல் தடவை கடைப் பெண்கள் முறைத்தார்கள், இப்போது அவர்களே டேப் கொண்டுவருகிறார்கள். "திஹ தியெனவத?" என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள், முப்பது இருக்கிறதா என்று அர்த்தம். சிங்களத்தில் கேட்டால் உள்ளே போய்த் தேடிப் பார்ப்பார்கள். மூன்றே வருஷத்தில் பேச்சுச் சிங்களம் கற்றுக்கொண்டேன் என்பதில் எனக்குப் பெருமைதான்.

ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு கொழும்பின் கடைவீதியான புறக்கோட்டைப் பக்கம் வரும். அதில் பொறுமையாகத் தேடினால் 30, 32-இல் டிடி, இ எல்லாம் கண்ணில் படும். லேபிளை வெட்டியிருப்பார்கள், அதற்கும் டேப்தான் வழி. இரண்டு வயரும் ஒரே மாதிரி வளைந்திருக்கிறதா, கொக்கி வரிசை நேராக இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். 65, 70, 75 என்று எண் இருந்தால் அது ஐரோப்பியக் கணக்கு, முறையே 30, 32, 34. அங்கே எழுத்து மாறும், என் 30 எஃப் அவர்களுக்கு 65 ஜி. அமெரிக்க எஃப் வேறு, அது 6 அங்குலம்தான்.

இன்னொரு வழி லண்டன். பிரிட்டனில் ஃப்ரேயா, பிரவிசிமோ போன்ற பிராண்டுகளில் 28-இலிருந்தே பட்டை உண்டு. வெள்ளவத்தையில் எந்த மாடிக் குடியிருப்பிலும் லண்டனிலோ டொராண்டோவிலோ பிள்ளை இருக்கிற வீடு ஒன்றாவது இருக்கும். ஆடிவேல், அதாவது இங்கே நடக்கும் முருகன் வேல் திருவிழா சமயத்தில் வருவார்கள். எண்ணையும் எழுத்தையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சும்மா "நல்லதா ரெண்டு வாங்கி வாங்க" என்றால் எல்லாருக்கும் 34 பி வந்து இறங்கும். அன்பாகத்தான் கொண்டு வருகிறார்கள், ஆனால் உடம்பு அன்புக்காகச் சுருங்காது. 2022-இல் டாலர் 200 ரூபாயிலிருந்து 360-க்குப் போனபோது, இறக்குமதிப் பிராவைக் கடையில் தொட்டே பார்க்க முடியவில்லை. அந்த வருஷம் என்னைக் காப்பாற்றியது எதிர்வீட்டு அன்ரியின் மகள் கொண்டுவந்த இரண்டும், ஒரு தையல்கார அக்காவும்.

அந்தத் தையல்கார அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 32 இ கிடைத்தால் வாங்கிக்கொண்டு போவேன். பின்பட்டையில் கொக்கி இருக்கும் நுனியைப் பிரித்து, ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலம் வெட்டி, கொக்கிப் பட்டியைத் திரும்ப வைத்துத் தைத்துத் தருவார். 30 எஃப் மாதிரியே நிற்கும். ஒரு அளவுக்கு மேல் குறைக்கக் கூடாது, கப் இரண்டும் அக்குளுக்கு இழுபட்டு, ஸ்ட்ராப் பின்னால் விலகிவிடும். கழன்று போன கொக்கிக்குப் புதுக் கொக்கிப் பட்டி புறக்கோட்டை குறுக்குத் தெருக்களில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

வகை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். பஞ்சு வைத்த வழுவழு டி-ஷர்ட் பிரா நம் மாதிரி உடம்புக்கு ஏற்றதில்லை, மேலே பிதுங்கும். மூன்று துண்டாகத் தைத்த, பஞ்சு இல்லாத கப்தான் தூக்கிப் பிடிக்கும். பக்கவாட்டில் கூடுதலாக ஒரு துண்டு இருந்தால் இன்னும் நல்லது. ஸ்ட்ராப் அகலமாக, பின்னால் மூன்று கொக்கியாவது. கொழும்பு வியர்வைக்கும் அதுதான் சரி. வருஷம் முழுக்கப் புழுக்கம், மார்புக்கு அடியில் ஈரம் நின்றால் சிவந்து அரிக்கும். வெளியே போய் வந்ததும் கழற்றித் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரே பிராவை அடுத்தடுத்த நாள் போடாதீர்கள். கடற்கரைப் பக்கம், அதாவது மரைன் டிரைவ் ஓரம் வீடு எடுத்தால் உப்புக்காற்றில் கொக்கி துருப்பிடிக்கும். என் வெள்ளைப் பிரா ஒன்றில் முதுகுப் பக்கம் மூன்று பழுப்புப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. வீட்டுக்குள் நிழலில், நடுப்பகுதியை மடித்துக் கொடியில் போடுங்கள், ஸ்ட்ராப்பைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள்.

இங்கே வரும் நம்மூர்ப் பெண்கள் சிலர் "இங்க ஒண்ணுமே கிடைக்காது" என்று சொல்லி மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்னைக்கு விமானம் ஏறுகிறார்கள். பத்து வருஷம் இருந்தும் பக்கத்து வீட்டாரோடு பேசியிருக்க மாட்டார்கள். அவர்கள்தான் உங்களிடம் டஜன் கணக்கில் வாங்கி வரச் சொல்வார்கள். கேட்காதீர்கள். இடம் மாறினால் சாப்பாடு மாறும், நடை மாறும், உடம்பும் ஒரு சுற்று மாறும். எனக்கு முதல் வருஷமே நான்கு கிலோ இறங்கியது. சரியான அளவில் மூன்று போதும். திருச்சியில் 30 கிடைக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஆன்லைன் கடையில் 30, 32 இரண்டையும் வரவழைத்து, பொருந்தாததைத் திருப்பி அனுப்புங்கள். கிளம்பும் முன் அதற்கு நேரம் இருக்கிறது.

முக்கியமாக ஒன்று. புறப்படும் அவசரத்தில் பத்துப் பிளவுஸ் தைக்கக் கொடுத்திருப்பீர்கள். அதை நிறுத்துங்கள். சரியான பிரா போட்டதும் மார்பு கொஞ்சம் மேலே ஏறும், பழைய அளவில் தைத்த பிளவுஸ் அத்தனையிலும் டக் தப்பான இடத்தில் நிற்கும். முதலில் பிரா, அதைப் போட்டுக்கொண்டு பிளவுஸ் அளவு. தையலுக்குள் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

வீடு தெஹிவளையில் கொஞ்சம் மலிவு, வெள்ளவத்தையில் எல்லாம் நடக்கும் தூரம். பருப்பு, புளி சுமக்க வேண்டாம், காலி வீதியிலேயே வாங்கலாம். பள்ளிக்கூடம் நேரில் போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வந்து இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டுச் சொல்லுங்கள். தையல்கார அக்கா செவ்வாய்க்கிழமை மட்டும் இருக்க மாட்டார், மற்ற எந்த நாளானாலும் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.