காசு கொடுத்து விளையாடவா அனுப்புகிறோம்? – பாலர் பாடசாலைக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முதலாம் ஆண்டு அனுமதியைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன். அப்புறம், போன முறையும் சொன்னதுதான்: பிள்ளையின் வயதை வருடம், மாதம் இரண்டோடும் எழுதுங்கள். "சின்னப் பிள்ளை" என்பது வயது இல்லை.

மகள் 2022 பெப்ரவரி 4இல் பிறந்தவள். 2027இல் முதலாம் ஆண்டில் சேர்க்க ஏதாவது வழி இருக்கிறதா? நாலு நாள்தானே குறைகிறது.
– தாய், உவர்மலை

இல்லை. சேரும் வருடத்தின் ஜனவரி 31இல் 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். நாலு நாள் என்றாலும் நாலு மணித்தியாலம் என்றாலும் அதே கணக்குத்தான். 2028இல் 6 வயதை எட்டும் நேரத்தில் போவாள். வகுப்பில் மூத்த பிள்ளையாக இருப்பதில் அவளுக்கு ஒரு நட்டமும் இல்லை. கடிதத்தின் கடைசி வரியில் பிறப்புச் சான்றிதழைப் பற்றி எழுதியிருந்ததை நான் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

திருகோணமலை டவுனில் நல்ல நேர்சறி ஒன்று சொல்லுங்கள்.
– தந்தை, பாலையூற்று

பெயர் சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு எத்தனை வயது என்றும் நீங்கள் எழுதவில்லை. 3 முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஒரு நாள் காலை 9 மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் போங்கள். முதலில் கழிவறையைப் பாருங்கள். தண்ணீர்க் குழாய் பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா, சோப் இருக்கிறதா, நிலம் வழுக்குகிறதா? அடுத்தது கேற். அதன் கொளுக்கியைப் பிள்ளை தானாகத் திறக்கக்கூடாது. நம்முடைய ஊரில் மான் உள்ளே வந்து செடியைத் தின்றால் பரவாயில்லை, பிள்ளை வெளியே றோட்டுக்குப் போனால்தான் ஆபத்து. மூன்றாவது, மாகாணப் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டதும் முகம் சுருங்கினால் வந்த வழியே திரும்பலாம். நிறம் அடித்த சுவர், மிக்கி மவுஸ் படம் எல்லாம் பிறகு. இன்னொன்று, சத்தமே இல்லாத நேர்சறி என்றால் எனக்குப் பயம்.

பிள்ளை நேர்சறிக்குப் போக அழுகுது. என்ன செய்யலாம்?
– (பெயர், ஊர், வயது எதுவும் இல்லை)

எத்தனை நாளாக? முதல் இரண்டு மூன்று வாரம் என்றால் அது சாதாரணம். "அம்மா பதினொன்றரைக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி வாருங்கள். கண்ணை மறைத்துக் களவாக ஓடாதீர்கள். அடுத்த நாள் இரட்டிப்பாக அழும். நன்றாகப் போய்வந்த பிள்ளை திடீரென்று அழத் தொடங்கினால் கதை வேறு. அங்கே என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும்.

மகனுக்கு 4 வயது 3 மாதம். முந்தின நேர்சறியில் மூன்று கொப்பி எழுதி முடித்தான். இப்போது மாற்றிய இடத்தில் மண்ணில் விடுகிறார்கள், களி உருட்டுகிறார்கள், வீட்டு வேலையே இல்லை. காசு கொடுத்து விளையாடவா அனுப்புகிறோம்?
– தாய், திருக்கடலூர்

ஆமாம் தங்கச்சி, விளையாடத்தான் அனுப்புகிறீர்கள்.

இந்தக் கேள்விக்கு நான் இதற்கு முன்பும் பதில் எழுதியிருக்கிறேன்; இனியும் எழுதவேண்டி வரும் என்று தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு பாலர் பாடசாலையில் இருந்தேன். தவணை முடிவில் கொப்பி நிறைந்திருக்க வேண்டும் என்பது அங்கே கட்டளை. உங்கள் மகன் வயதுப் பையன் ஒருவன். பென்சிலை ஐந்து விரலாலும் உலக்கை மாதிரிப் பிடிப்பான், பெருவிரல் உள்ளே மடங்கியிருக்கும். "அ" எழுதச் சொன்னால் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு தொடங்குவான், வளைவில் தாள் கிழியும், பக்கத்தைப் புரட்டி மறுபடி தொடங்குவான். அவனுடைய கொப்பியில் பாதியை நான்தான் அவன் கையைப் பிடித்து எழுதி நிரப்பினேன். தாய் வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷம் என்னுடைய எழுத்துக்குக் கிடைத்தது. இன்றைக்கும் மூன்று கொப்பி என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அதில் எத்தனை பக்கம் ரீச்சருடையது என்றுதான் என் மனம் கணக்குப் போடும்.

கையை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். 4 வயதில் அவற்றில் ஏறத்தாழப் பாதிதான் எலும்பாகியிருக்கும், மிச்சம் குருத்து. அந்தக் கைக்கு நாம் முதலில் கொடுக்கும் எழுத்து என்ன? "அ". ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுகோடு, ஒரு நிமிர்கோடு, எல்லாம் கை எடுக்காமல். "ட" இரண்டே கோடு, "ப" மூன்று கோடு. எழுதப் பழக்கத்தான் வேண்டும் என்றால் அங்கேயிருந்தாவது தொடங்கலாம். அகரவரிசை வாய்க்கு வரிசை, கைக்கு இல்லை.

நம்முடைய பெரியவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது பிள்ளையின் கையில் பென்சிலா கொடுக்கிறோம்? விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோம். அடுத்த நாளே கடைக்குப் போய் இரட்டைக் கோட்டுக் கொப்பி வாங்குகிறோம். அரிசியை ஒரு வருடம் நீட்டியிருந்தால் போதும்.

முதலாம் ஆண்டில் பின்தங்கிவிடுவான் என்று பயப்படுகிறீர்கள். 1999இல் நாடு முழுக்க வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தின்படி முதலாம், இரண்டாம் ஆண்டில் கற்பிக்கும் முறை மூன்று: வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை. அந்த வயதில் விளையாட்டுக்குத்தான் பெரிய பங்கு. ஆறு வயதுப் பிள்ளைக்கே அப்படி என்றால் நாலு வயதுக்கு? அனுமதி நேர்முகத்துக்காகத்தான் கொப்பி என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். போட்டியுள்ள பாடசாலைகளில் சரிபாதி இடம் வதிவிடத்துக்கு, கால்வாசி பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. புள்ளி விழுவது உங்கள் மின்சார பில்லுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும். பிள்ளை "அ" எழுதுவதற்கு ஒரு புள்ளியும் கிடையாது. உண்மையில் இந்த அவசரம் 5ஆம் ஆண்டுப் புலமைப்பரிசிலிலிருந்து கீழே கீழே இறங்கி வந்து, இப்போது பால்போத்தல் வரைக்கும் வந்திருக்கிறது.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் அரசு முன்பள்ளித் திட்டத்துக்கு இடத்தை விட விண்ணப்பம் கூடிப்போய், குலுக்கல் முறையில் பிள்ளைகளை எடுத்தார்கள். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் கிட்டத்தட்ட 3,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். முன்பள்ளி முடிந்த கையோடு, போன பிள்ளைகள்தான் முன்னுக்கு நின்றார்கள், எழுத்தெல்லாம் தெரிந்திருந்தது. ஆறாம் வகுப்பில் பார்த்தால் இடம் கிடைக்காத பிள்ளைகள் அவர்களை முந்திவிட்டார்கள்; ஒழுக்கப் பிரச்சினையும் போன பிள்ளைகளிடம்தான் கூட. காரணத்தைப் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. என்னுடைய எண்ணம் உங்களுக்குத் தெரியும்: எல்லாரையும் ஒன்றாக இருத்தி வைத்துப் பாடம் நடத்தியதன் கூலி அது. முன்பள்ளியே கூடாது என்று இதைத் திரிக்க வேண்டாம். அதே நாட்டில் மிச்சிகனில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி முன்பள்ளி, பிள்ளைகளைத் தாங்களே திட்டமிட்டு விளையாட விட்டது. காலையில் இரண்டரை மணித்தியாலம்தான் வகுப்பு, வாரம் ஒருமுறை ஆசிரியை வீட்டுக்கும் போவார். அங்கே படித்தவர்களை 40 வயது தாண்டியும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அங்கே போகாதவர்களை விடப் படிப்பிலும் உழைப்பிலும் மேலாக இருந்தார்கள்.

உங்கள் மகன் உருட்டும் களி அவன் எழுதப்போகும் கையைச் செய்துகொண்டிருக்கிறது. வீட்டிலும் கொடுங்கள்: ரொட்டிக்கு மா பிசையட்டும், புளியங்கொட்டையைப் பொறுக்கிப் போத்தலில் போடட்டும், உடுப்புக் கிளிப்பை அமத்தட்டும், துணியை நனைத்துப் பிழியட்டும். கடற்கரை உங்கள் வாசலில் இருக்கிறது. ஈரமணலை விடப் பெரிய கொப்பி எங்கே கிடைக்கும்? அவனாகவே வந்து "என்ர பேரை எழுதிக் காட்டுங்கோ" என்றால் எழுதிக் காட்டுங்கள். கேட்காத பிள்ளையின் கையைப் பிடிக்காதீர்கள்.

பேரன் கனடாவில் ரொறன்ரோவில் இருக்கிறான், 4 வயது. பள்ளிக்கூடம் போகிறான், ஆனால் இரண்டு எழுத்துக்கூட எழுதத் தெரியாது. தண்ணீரில் விளையாடிவிட்டு வருகிறான். மகளிடம் சொல்லி மாற்றச் சொல்லவா?
– அம்மம்மா, அன்புவழிபுரம்

வேண்டாம் அம்மா. மேலே திருக்கடலூருக்கு எழுதியதை வாசியுங்கள். ஒன்ராறியோவில் 4 வயதுக்கும் 5 வயதுக்கும் அரசு பாடசாலையிலேயே முழுநாள் வகுப்பு; 2010இல் தொடங்கி 2014இல் மாகாணம் முழுக்க வந்தது. அந்தத் தண்ணீர் விளையாட்டுப் பாடத்திட்டத்திலேயே உள்ளது. உங்களால் செய்யக்கூடியது ஒன்று: வீடியோ அழைப்பில் தமிழில் கதை சொல்லுங்கள். எழுத்து பிறகு வரும், பேச்சுப் போனால் திரும்பாது.

எங்கள் பாலர் பாடசாலையில் 28 பிள்ளைகள், நான் ஒருத்தி. எப்படிச் சமாளிப்பது?
– ஆசிரியை, கிண்ணியா

தனியே சமாளிக்க முடியாது சகோதரி, உங்களிடம் குறையில்லை. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் முன்பிள்ளைக் கல்வி நிறுவனம் அமெரிக்க மாநிலங்களின் அரசுத் திட்டங்களை 10 அளவுகோலால் அளக்கிறது. அதில் ஒன்று, வகுப்புக்கு 20 பிள்ளைக்கு மேல் கூடாது. இன்னொன்று, 10 பிள்ளைக்கு ஒரு பெரியவர். நமக்கு அது தூரம் என்றாலும் இரண்டாவது ஆளையாவது பிடிக்கலாம். தாய்மாரை முறை வைத்து நாளுக்கு ஒருவராகக் கூப்பிடுங்கள். சமைக்க இல்லை, ஒரு மூலையில் இருந்து கதை சொல்ல. 28 பேரையும் வட்டமாக இருத்திப் பாட்டுப் பாடுவது 10 நிமிடம் போதும். மிச்ச நேரம் நாலு மூலை: களி, கட்டை, கடை விளையாட்டு, புத்தகம். ஏழு ஏழு பேர். பெற்றோர் கூட்டத்தில் எண்ணிக்கையைச் சொல்லுங்கள், பணியகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னதற்குப் பதில் வராது.

மகனுக்கு 3 வயது 2 மாதம். பத்துச் சொல்தான் பேசுகிறான். தகப்பனும் பிந்தித்தான் பேசினாராம். நேர்சறிக்குப் போனால் சரியாகிவிடுமா?
– தாய், மூதூர்

காத்திருக்க வேண்டாம். 2 வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும், 3 வயதில் சின்ன வசனம் வரவேண்டும். பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே குடும்பநல மாதுவிடம் போங்கள். முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் சிங்களம் என்பதால் பேச்சுப் பிந்தாது. அந்தப் பழியை மொழியில் போடாதீர்கள். போன் எவ்வளவு நேரம் என்று நீங்கள் எழுதவில்லை. 2 முதல் 4 வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அதிலும் குறைந்தால் நல்லது. நேர்சறிக்கும் அனுப்புங்கள், ஆனால் அது வைத்தியம் இல்லை.

இடது கையால் எழுதுகிறாள். ரீச்சர் மாற்றச் சொல்கிறார்.
– தந்தை, தம்பலகாமம்

ரீச்சரை மாற்றச் சொல்லுங்கள், தன் எண்ணத்தை. சோறு வலக்கையால் சாப்பிடப் பழக்குவது உங்கள் வீட்டு விருப்பம், பென்சிலில் கைவைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன கொடுத்துவிடலாம்? பிஸ்கற் தவிர வேறு தொடமாட்டான்.
– தாய், சாம்பல்தீவு

அவித்த பயறு, கௌபி, தேங்காய்ப்பூப் போட்ட இடியப்பம், வாழைப்பழம். பிஸ்கற் வீட்டில் இல்லாவிட்டால் தொடுவான். முழுக் கச்சான் கொடுக்கவே வேண்டாம், இந்த வயதில் மூச்சுக்குழாய்க்குள் போகும். திராட்சையை நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள்.

ரீச்சர் பூவரசங் கம்பால் காலில் "சும்மா தட்டினாராம்".
– தாய், நிலாவெளி

தட்டினாலும் அடிதான். கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடுக்கிறது. பாலர் பாடசாலை அதற்குள் அடங்காது என்று வாதாடுபவரிடம், 10 வயதுப் பிள்ளைக்குக் கூடாதது 3 வயதுக்கு எப்படி ஆகும் என்று மட்டும் கேளுங்கள். நேரே போய்ப் பேசுங்கள். மறுபடி நடந்தால் சிறுவர் உதவித் தொலைபேசி 1929க்கு அழையுங்கள்.

உயர்தரம் முடித்திருக்கிறேன். முன்பள்ளி ஆசிரியையாக விருப்பம்.
– வெருகல்

வாழ்த்து. திறந்த பல்கலைக்கழகத்தில் முன்பிள்ளைக் கல்விப் பாடநெறிகள் இருக்கின்றன, என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) 4ஆம் மட்டச் சான்றிதழும் எடுக்கலாம். ஆறு வார இறுதியில் "டிப்ளோமா" தருகிறோம் என்ற விளம்பரத்துக்குக் காசு கட்டாதீர்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்: மாகாணக் கொடுப்பனவு சிறியது, பெற்றோர் தரும் மாதக் காசையும் சேர்த்தாலும் ஒரு கடை உதவியாளரின் சம்பளத்தை எட்டாது. பட்டதாரி ஆசிரியை வேண்டும் என்பார்கள், கொடுப்பது பஸ் காசு. இதையெல்லாம் தெரிந்துகொண்டு வாருங்கள்.

மகனுக்குக் கறுப்பு மேலங்கி, தொப்பியோடு "பட்டமளிப்பு" வைக்கிறார்களாம். காசு கட்டவா?
– தந்தை, லிங்கநகர்

எந்தப் பல்கலைக்கழகம்?

3 வயது ஊசியும் 5 வயது ஊசியும் நேர்சறியிலேயே போடுவார்களா?
– தாய், குச்சவெளி

அவர்களாகப் போடுவார்கள் என்று இருந்துவிடாதீர்கள். 3 வயது முடிந்ததும் எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ஜேர்மன் சின்னமுத்து) இரண்டாவது ஊசி, 5 முடிந்ததும் தொண்டைக்கரப்பன்–ஏற்புவலி ஊசியும் போலியோச் சொட்டும். எந்த நாள் என்று குடும்பநல மாதுவிடம் கேட்டுப் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள், பதிவேட்டோடு. பதிவேடு தொலைந்துவிட்டது என்று அடுத்த மாதம் எனக்கு எழுத வேண்டாம்; இந்த மாதம் மட்டும் ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள்.