கிருஹலட்சுமி பெயரில் வந்த எஸ்எம்எஸ்: லிங்க்கை அழுத்திவிட்டோம், இனி?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு இரண்டு மாதமாக, குடும்பத் தலைவிகளுக்குக் கர்நாடக அரசு தரும் கிருஹலட்சுமி பணம் வரவில்லை. நேற்று, ‘தவணை நிறுத்தப்பட்டது, இரவு 9 மணிக்குள் கேஒய்சி முடிக்கவும்’ என்று ஒரு எஸ்எம்எஸ். அம்மா லிங்க்கை அழுத்த, ஏதோ ஆப் இறங்கிவிட்டது. ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை. பயப்பட வேண்டுமா?

பதில்: ஓடிபி சொல்லவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இப்படி இறங்கும் ஆப், எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டால் ஓடிபியைத் தானே எடுத்து அனுப்பிவிடும்.

முதலில் அம்மாவின் போனில் டேட்டா, வைஃபை இரண்டையும் அணையுங்கள். சிம்மையும் கழற்றிவிடுங்கள். உங்கள் போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு, யுபிஐ, டெபிட் கார்டு இரண்டையும் முடக்கச் சொல்லுங்கள். பாஸ்புக் பின்புறம் உள்ள எண் போதும். கூகுளில் தேட வேண்டாம், அங்கும் போலி எண்கள் உண்டு. ஒரு ரூபாய் போயிருந்தாலும் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறுவதற்குள் தடுக்க அவ்வளவு வாய்ப்பு. அப்புறம் போட்டோக்களைக் கேபிள் போட்டு எடுத்துக்கொண்டு, போனை முழுசாக ரீசெட் செய்யுங்கள்.

அம்மாவைத் திட்டாதீர்கள். மாதம் 2,000 ரூபாய்க்காகக் காத்திருப்பவருக்கு, அந்தப் பணத்தின் பெயரிலேயே செய்தி வந்தால் கை தானாகப் போகும். தவணை தாமதமாகும் நேரம் பார்த்துத்தான் இவர்களும் வலை வீசுகிறார்கள். பெங்களூரு தமிழர்கள் நம்மில் பலருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே நீல எழுத்தை அழுத்திவிடுகிறோம்.

அந்த எஸ்எம்எஸ்ஸை ஒருமுறை பாருங்கள். பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்திருந்தால் அரசு அனுப்பியது அல்ல. அரசுச் செய்தியில் அனுப்புநர் பெயரின் கடைசியில் ஒரு கோடும் ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த ‘9 மணிக்குள்’ என்ற அவசரப்படுத்தல். கிருஹலட்சுமி பணம் ஆதார் இணைத்த கணக்கில் நேராக விழுவது. அதை வாங்க ஆப் இறக்கவோ யுபிஐ பின் போடவோ தேவையே இல்லை.

சரி, வராத பணம்? அம்மாவுக்கு இரண்டு கணக்கு இருந்தால், ஆதார் எதில் இணைந்திருக்கிறதோ அதில் விழுந்திருக்கலாம். வங்கிக் கிளையில் கேளுங்கள். அங்கும் இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக்கோடு பக்கத்து ‘பெங்களூர் ஒன்’ அரசு சேவை மையத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.