அடைத்த பல்லில் மறுபடி சொத்தை வந்தால் எக்ஸ்ரேயில் எப்படித் தெரியும்?

அடைப்பின் ஓரத்தையொட்டிப் புதிதாக வரும் சொத்தையைப் பற்றிய கேள்வி இது. அடைத்த பொருள் சொத்தையாகாது. அதைச் சுற்றியுள்ள பல்தான் ஆகும்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டுக் கூரையில் ஓட்டை விழுந்த இடத்தில் தகரம் அடித்திருப்பார்களே, அது மாதிரிதான். தகரம் நன்றாகவே இருக்கும். மழைத்தண்ணீர் விளிம்பு வழியே இறங்கி, அடியிலுள்ள மரத்தை உளுக்க வைத்துவிடும். வாயில் மழைக்குப் பதில் தே தாரிக் என்ற பால் தேநீரின் சீனி. அதைத் தின்று கிருமிகள் விடும் அமிலம் பல்லின் தாதுவைக் கரைக்கிறது.

தாது நிறைந்த இடம் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும், படத்தில் வெளிறித் தெரியும். கரைந்த இடம் கதிரை விட்டுவிடும், கறுப்பாக விழும். அதனால்தான் ஒரு சின்னத் துண்டைக் கடிக்கச் சொல்லி, மேல் கீழ்ப் பற்களைச் சேர்த்துப் படமெடுக்கிறார்கள். வெள்ளி அடைப்பு பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். அதன் ஈறுப்பக்க விளிம்பில் கரும் நிழல் தென்பட்டால் சந்தேகம். இரண்டு பல் ஒட்டும் அந்த இடுக்கு கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் சரியாகத் தெரியாது.

ஆனால் நிழலெல்லாம் சொத்தையல்ல. பழைய பல்நிற அடைப்புகள் சில, அடியில் பூசும் பசை, இவையும் கறுப்பாக விழும். பழைய படம் இருந்தால் ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு மாறுகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

அப்புறம், ‘படம் சுத்தம், அப்படியென்றால் சொத்தையே இல்லை’ என்று பலர் நினைக்கிறார்கள்; ஆரம்பச் சொத்தையும், தடித்த வெள்ளி அடைப்பின் பின்னால் ஒளிந்திருப்பதும் படத்தில் விழாமல் போகலாம்.