ஆடிட்டர் ஆபீஸ் பயிற்சியா, டாலி கோர்ஸா?

கேள்வி: பள்ளத்தூரில் இருக்கிறேன். பி.காம். முடித்துவிட்டேன். காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் மாதம் 5,000 ரூபாய்க்கு ஆறு மாதப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள். மதுரையில் ஒரு பயிற்சி மையத்தில் 30,000 ரூபாய் கட்டினால் டாலி என்ற கணக்கு மென்பொருளும் ஜி.எஸ்.டி. கணக்கும் சொல்லிக்கொடுத்து வேலையும் வாங்கித் தருவார்களாம். அப்பா மதுரைக்குத்தான் போகச் சொல்கிறார். எதில் சேரட்டும்?

பதில்: காரைக்குடிக்கே போங்கள். ஆனால் சேரும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "மூணாவது மாசம் என் கையில என்ன வேலை இருக்கும் சார்?" பில் என்ட்ரி மட்டும்தான் என்றால் வேறு ஆபீஸ் பாருங்கள். ஒரே ஒரு கடையின் கணக்கையாவது ஒன்றாம் தேதி முதல் மாதக் கடைசி வரை முழுதாக உங்களிடம் விடுவார்களா என்பதே முக்கியம். சம்பளம் அதற்கு அப்புறம்தான்.

உங்கள் செட்டிநாட்டுச் சீமைக்கு இப்படி வேலையில் இருந்தே படிப்பது புதிதல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த நகரத்தார் லேவாதேவிக் கடைகளில் பெட்டியடிப் பையன் என்ற கடைநிலை எடுபிடியாகச் சேர்ந்து, முதலாளின் உதவியாளான அடுத்தாளாக உயர்ந்து, பிறகு கடையையே நடத்தியவர்கள் உண்டு. குறிப்பு (அன்றாட வரவு செலவு), பேரேடு (லெட்ஜர்), ஐந்தொகை (பாலன்ஸ் ஷீட்) எல்லாம் அவர்கள் கடையில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துப் படித்தவை.

புதுவயல் அரிசி ஆலை ஒன்றின் கணக்கு உங்களிடம் வருகிறது என்று வையுங்கள். லேபிள் ஒட்டிய 25 கிலோ சிப்பத்துக்கு 2022 ஜூலை முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, 26 கிலோ மூட்டைக்குக் கிடையாது. அரிசி ஒன்றுதான், கணக்கில் எழுதும் இடம் வேறு. இதைக் கோர்ஸில் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். நூறு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பிரிக்கும்போதுதான் மனதில் நிற்கும். பிறகு டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரி) கட்ட 7ஆம் தேதி, மாதா மாதம் தாக்கல் செய்பவருக்கு விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-1க்கு 11, வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பிக்கு 20 என்று தேதிகள் துரத்தும். அந்த ஓட்டத்தில் இரண்டு மாதம் இருந்தவரை நான் தயங்காமல் வேலைக்கு எடுப்பேன்.

நான் பயிற்சியில் இருந்தபோது பேங்க் கணக்கில் 270 ரூபாய் இடித்தது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. சீனியர் வந்து, "ஒன்பதால வகுத்துப் பாரு" என்றார். மீதமில்லாமல் வகுபட்டது. "அப்ப எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கும்" என்றார். 850ஐ 580 என்று போட்டிருந்தேன். அப்படியும் அகப்படாவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகையைத் தேடுங்கள். பற்றில் வரவேண்டிய தொகை வரவில் ஏறியிருக்கும். பக்கத்தில் இப்படி ஒருவர் இருப்பதற்காகவே பயிற்சிக்குப் போகலாம்.

டாலிக்காக 30,000 வேண்டாம். அதை இலவசமாக இறக்கி, லைசென்ஸ் வாங்காமலே எஜுகேஷனல் மோடில் பழகலாம். மாதத்தில் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போடவிடும், கை பழக அது போதும். வேலை வாங்கித் தருகிறோம் என்பதை எழுத்தில் கேளுங்கள், அநேகமாகத் தரமாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். 'டிரெய்னி' என்று கூப்பிட்டாலே சட்டப்படி அப்ரெண்டிஸ் ஆகிவிட முடியாது. 1961ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் அரசுப் போர்ட்டலில் பதிவாக வேண்டும். 2019 விதிகள் பட்டதாரிக்குக் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தன. நான்கு பேருக்குக் குறைவான ஆபீஸ் இதில் வராது. 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் அப்ரெண்டிஸ்களைக் கட்டாயம் எடுக்கவேண்டும். அரசுச் சான்றிதழ்தான் வேண்டுமென்றால் பெரிய ஆலை, ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடைகளின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் விசாரியுங்கள். ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படிப்பின் கட்டாயப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப் வேறு: அதன் இன்டர் தேர்வில் இரண்டு குரூப்பும் முடித்தபின் இரண்டு ஆண்டு.

சின்ன ஆபீஸானால் சேரும் தேதி, தொகை, அனுபவச் சான்றிதழ் மூன்றையும் லெட்டர்ஹெட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள், டெபாசிட்டும் கட்டாதீர்கள்.

முடிந்தால் ஜூன் மாதத்திலேயே சேருங்கள். வரித் தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30 கெடு என்பதால் அதற்கு முந்திய மூன்று மாதமும் ஆபீஸில் பேரேடுகளை வரி வரியாகப் புரட்டுவார்கள். அப்போது நீங்கள் அங்கே இருக்கவேண்டும்.