லேப்ல வளர்த்த ஸ்டெம் செல்லுக்கு டெஸ்ட் ரிப்போர்ட் தர மாட்டேங்கிறாங்க, கேஸ் போட முடியுமா?

சேலத்துலேர்ந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. பைக் ஆக்சிடென்ட்ல அண்ணனுக்கு முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ அசைவு இல்ல. பெங்களூர்ல ஒரு கிளினிக்ல அவரோட வயித்துக் கொழுப்பையே எடுத்து, அதுலேர்ந்து ஸ்டெம் செல்லைப் (வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல்) பிரிச்சு லேப்ல மூணு வாரம் வளர்த்து ரெண்டு தடவை முதுகுல ஊசி போட்டிருக்காங்க, 6 லட்சம் போச்சு, ஒரு மாத்தமும் இல்ல. இப்ப மூணாவது டோஸுக்குக் கூப்பிடுறாங்க. செல்லுக்கு குரோமோசோம் டெஸ்ட் (வளர்த்த செல்லுல மரபணு கோளாறு இருக்கான்னு பார்க்குறது) பண்ணீங்களா, ரிப்போர்ட் குடுங்கன்னா "அது எங்க லேப் விஷயம், நீங்கதான் சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே"ங்கிறாங்களாம்.

மொதல்ல மூணாவது டோஸ் வேண்டாம்னு சொல்லிடுங்கம்மா. மத்ததெல்லாம் அப்புறம்.

நீங்க கேட்ட கேள்வி ரொம்ப சரியான கேள்வி. செல்லை வெளிய வச்சு வளர்க்க வளர்க்க ஒவ்வொரு தடவை பிரியும்போதும் டிஎன்ஏல பிழை விழ வாய்ப்பிருக்கு, அதுல வேகமா பெருகுற செல் ஒண்ணு வந்துட்டா அதுவே மத்ததை எல்லாம் முந்திடும், கட்டியாகுமோங்கிற பயம் அங்கதான். ஜப்பான்ல கோபே நகரத்துல 2014ல ஒரு கண் நோயாளிக்கு ஐபிஎஸ் செல்லுல, அதாவது சாதாரண உடம்புச் செல்லை லேப்ல ஸ்டெம் செல்லா மாத்தினதுல, செஞ்ச விழித்திரைத் திசு வச்சாங்க, அடுத்த நோயாளிக்குத் தயாரிச்ச செல்லுல மரபணு மாற்றம் தெரிஞ்சதும் 2015ல அவருக்கு வைக்காம நிறுத்திட்டாங்க. உங்க அண்ணனுக்குப் போட்டது வேற வகை செல், அதுல இந்த ஆபத்து குறைவுதான், நான் பயமுறுத்தல. ஆனா பார்க்காமலே குறைவுன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல.

இப்ப சட்டத்துக்கு வரேன். "லேப்ல வளர்த்தோம்"னு அவங்களே சொன்னாங்க பாருங்க, கேஸே அந்த வார்த்தைலதான் இருக்கு. 2019ல வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள்படி, செல்லைக் கழுவிப் பிரிச்சு அப்படியே போட்டா ஒரு கணக்கு, வளர்த்துப் பெருக்கிப் போட்டா அது புது மருந்து, மத்திய மருந்து கட்டுப்பாட்டு அமைப்போட அனுமதி இல்லாம குடுக்க முடியாது. ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்லயும் ரத்த நோய்களுக்குப் பண்ற ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையத் தவிர மத்த ஸ்டெம் செல் சிகிச்சையெல்லாம் ஆராய்ச்சிப் பரிசோதனைதான்னு இருக்கு. பரிசோதனைன்னா எதிக்ஸ் கமிட்டி (நெறிமுறைக் குழு) ஒப்புதலும், மருத்துவப் பரிசோதனைகளைப் பதியுற சிடிஆர்ஐங்கிற அரசுப் பதிவேட்டு நம்பரும் இருக்கணும், நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாது. உங்ககிட்ட 6 லட்சம் வாங்கியிருக்காங்க!

கையெழுத்தை நினைச்சு கலங்காதீங்க. சம்மதம்னா என்ன பண்றோம், என்ன ஆபத்து, வேற வழி என்னன்னு புரிய வச்சு வாங்கணும்னு உச்ச நீதிமன்றம் 2008ல சமீரா கோலி வழக்குல தெளிவா சொல்லிடுச்சு. அனுமதியே இல்லாத சிகிச்சைய உங்க கையெழுத்து சட்டப்படி ஆக்கிடாது.

இந்த வாரமே ஸ்பீட் போஸ்ட்ல ஒரு கடிதம் போடுங்க, அண்ணன் பேர்ல, அவர் கையெழுத்தோட. முழு கேஸ் ஷீட், சம்மதப் படிவத்தோட காப்பி, எத்தனை செல் போட்டாங்க, எத்தனை தடவை செல்லைப் புதுப் பாத்திரத்துக்கு மாத்தி வளர்த்தாங்க, குரோமோசோம் ரிப்போர்ட், கிருமி டெஸ்ட் ரிப்போர்ட், அனுமதி நம்பர், சிடிஆர்ஐ நம்பர் எல்லாம் கேளுங்க. மருத்துவ ஆவணம் கேட்டா 72 மணி நேரத்துல தரணும்னு டாக்டர்களோட நடத்தை விதியிலயே இருக்கு. லேப் பேப்பர் அதுல வராதுன்னு வாதாடுவாங்க, ஆடட்டும், அதைக் கொண்டு வரச் சொல்லி உத்தரவு போட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கு.

வழக்கை பெங்களூர் போய் போட வேண்டியதில்ல, நீங்க குடியிருக்கிற சேலத்துலயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடலாம், 6 லட்சம் கட்டின கேஸுக்கு ஃபீஸ் 200 ரூபாய்தான். கூடவே மருந்து கட்டுப்பாட்டு அமைப்புக்கும் கர்நாடக மெடிக்கல் கவுன்சிலுக்கும் புகார் அனுப்புங்க. போலீஸுக்கு இப்பவே ஓட வேண்டாம், உச்ச நீதிமன்றத்தோட 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்கு அப்புறம் டாக்டர் மேல கவனக்குறைவுன்னு கிரிமினல் கேஸ் போக வேற ஒரு டாக்டரோட கருத்து வேணும், அதுல மாசக்கணக்கா இழுக்கும்.

என் கணிப்பு, பணத்தைத் திருப்பி வாங்குற கேஸ் பலமா இருக்கு, உடம்புக்குத் தீங்குன்னு கேட்கிறதுக்கு ஆதாரம் இன்னும் இல்ல. அதுக்காகவும் அண்ணனோட நல்லதுக்காகவும் அவரோட பழைய நியூரோ டாக்டர்கிட்ட நடந்ததை மறைக்காம சொல்லி முதுகு எம்ஆர்ஐ எடுக்கணுமான்னு கேளுங்க. நுகர்வோர் வழக்குப் போட கெடு ரெண்டு வருஷம், முதல் ஊசி போட்ட தேதியிலேர்ந்தே எண்ணிக்கோங்க, அந்த பில் இன்னும் கைல இருக்கான்னு இன்னைக்கே தேடிப் பாருங்கம்மா.