முடிவு தெரிந்த கதையை எதற்குப் படிக்கிறார்கள்?

கேள்வி: உங்கள் பத்திரிகையில் வரும் காதல் தொடர்கள் எல்லாம் ஒரே அச்சு. பணக்கார முரட்டு நாயகன், வாய்த்துடுக்கான ஏழை நாயகி, விருப்பமில்லாத கல்யாணம், ஓயாத சண்டை, கடைசியில் சமாதானம். முதல் அத்தியாயத்திலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. என் மனைவி ஒரு வாரம் விடாமல் படிக்கிறாள். மூளைக்கு வேலையே இல்லாத இந்தக் கதைகளை நிறுத்தினால் என்ன? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நிறுத்த மாட்டோம். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

முடிவு முன்பே தெரிவதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். வாசகிகள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். இணையத்தில் தொடர் எழுதும் பெண்களுக்கு 'அடுத்த யூடி (அப்டேட், அதாவது அடுத்த அத்தியாயம்) எப்போ சிஸ்?' என்பதற்கு அடுத்தபடியாக வரும் கேள்வி, 'ஹேப்பி எண்டிங்தானே?' என்பதுதான்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. பழுப்பு அட்டை போட்டு, முதுகில் நூல் கோத்துத் தைத்த மாத நாவல்கள். ரமணிசந்திரன் புத்தகம் வந்தால் அலமாரிக்கே போகாது, கையிலிருந்து கைக்குத்தான். சாயங்காலம் காய்கறிப் பையோடு வரும் பெண்கள் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் தேடுவார்கள். ஏற்கெனவே படித்தாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஆளுக்கொரு பக்கத்தில் பென்சிலால் அடையாளம் போட்டு வைத்திருந்தார்கள். ஒருவர் 37ஆம் பக்கத்தில் சின்னதாக ஒரு பூ வரைவார். அந்தப் பூ இருந்தும் அதே புத்தகத்தை அவர் மறுபடி எடுத்துப் போனதை நானே பார்த்திருக்கிறேன். கதை தெரியாததாலா எடுத்துப் போனார்?

ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் ஓர் ஊரில் காதல் நாவல் படிக்கும் பெண்களிடம் பேசி 1984இல் ஒரு நூல் எழுதினார். அந்தப் பெண்களிலும் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள் இருந்தார்கள். நாளெல்லாம் வீட்டிலுள்ள எல்லோரையும் கவனித்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தங்களுக்கென்று கிடைத்த நேரம் அது என்று அவர் கண்டார். அந்தக் கொஞ்ச நேரத்தில் கதை தன்னைக் கைவிட்டுவிடக் கூடாது என்று ஒருத்தி நினைப்பதில் என்ன தப்பு? அவள் அறிய நினைப்பது 'சேர்வார்களா' என்பதை அல்ல. 'இவன் எப்படி மாறப் போகிறான்' என்பதைத்தான்.

சரி, விருப்பமில்லாத கல்யாணத்துக்கு வருவோம். உங்களுக்கு மிகவும் செயற்கையாகத் தெரிவது இதுதான் என்று நினைக்கிறேன். யோசித்துப் பாருங்கள். ஒரு தடவை பெண் பார்க்க வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போன ஒருவருடன் வாழ்நாள் முழுக்க வாழப் புறப்பட்ட பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்! முன்பின் தெரியாத வீட்டில், எந்த டப்பாவில் துவரம்பருப்பு இருக்கிறது என்று தெரியாமல் நிற்கும் முதல் காலை அவர்களுக்குக் கற்பனை இல்லை. இந்த மனிதன் என்னைப் புரிந்துகொள்வானா, என் பேச்சுக்கு இங்கே மதிப்பு உண்டா என்ற கேள்வியை அவர்கள் வாய்விட்டுக் கேட்டதில்லை. கதையில் வரும் நாயகி கேட்கிறாள். சண்டை போட்டுக் கேட்கிறாள். அந்த 'ஓயாத சண்டை' உங்களுக்கு இழுவை. அவர்களுக்கோ, அதுதான் கதையே.

அப்புறம் ஒரு நாள் அவன் மன்னிப்புக் கேட்கிறான். எனக்கு வரும் வாசகியர் கடிதங்களில் முத்தக் காட்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. மன்னிப்புக் கேட்ட அத்தியாயத்தைப் பற்றி எழுதுகிறவர்களே அதிகம். 'நான் செய்தது தப்பு' என்று ஓர் ஆண், தட்டிக்கழிக்காமல், காரணம் சொல்லாமல், உட்கார்ந்து சொல்கிறான். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் ஒரு தடவைகூட அதைக் கேட்காதவர்கள் எழுதும் கடிதங்கள் அவை. படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடிந்ததில்லை.

மோதலில் தொடங்கும் காதல் நேற்று முளைத்ததும் இல்லை. ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் 61 அத்தியாயங்கள். நாயகன் டார்சி 34ஆவது அத்தியாயத்தில் நாயகி எலிசபெத்திடம் 'உன் குடும்பம் எனக்குச் சமமில்லை, இருந்தாலும் உன்னை விரும்புகிறேன்' என்ற தோரணையில் கேட்டு, மறுக்கப்படுகிறான். மிச்சமுள்ள 27 அத்தியாயங்களும் அவன் தன் கர்வத்தையும் அவள் தன் தப்புக் கணக்கையும் திருத்திக்கொள்வதற்குத்தான்.

நம் அகப்பாடல்களையும் பாருங்கள். ஐங்குறுநூற்றில் ஐந்து திணை, திணைக்கு நூறு பாட்டு. அதே தலைவன், அதே தோழி, அதே பிரிவு. அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதியே வைத்தது. பெயர் இல்லாததால்தான் அந்த இடத்தில் யாரும் தன்னை வைத்துப் பார்க்க முடிகிறது. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலரின் தலைவி, அவன் தன்னோடு கூடிய அன்று வேறு சாட்சியே இல்லை என்கிறாள். ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற, தினைத்தாள் போலக் கால் மெலிந்த ஒரு குருகு மட்டும் இருந்ததாம். 'தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ', அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று கேட்கிறாள். நம்பலாமா, கூடாதா? மாத நாவலின் நாயகி இரவெல்லாம் விழித்துக் கேட்பதும் இதே கேள்விதான். கல்யாணத்துக்கு முன் ஊரறியாமல் காதலிக்கும் அந்தக் களவு ஒழுக்கத்தை 'ஒரே அச்சு' என்று நீங்கள் சொல்வீர்களா?

ஓர் இடத்தில் மட்டும் உங்கள் கோபத்தோடு நானும் சேர்ந்துகொள்கிறேன், நீங்கள் அதைக் கேட்கவில்லை என்றாலும். 'ஆன்ட்டி ஹீரோ' என்ற பெயரில் நாயகியைக் கடத்துகிறவன், அறைகிறவன், பலவந்தம் செய்கிறவன் வருகிறான். சின்ன வயதில் அவனுக்கு ஏதோ நடந்ததாம், அதனால் எல்லாம் மன்னிக்கப்படுகிறது. அவன் மாறுவதே இல்லை, அவள்தான் பழகிக்கொள்கிறாள். வாசகி எதை நம்பிப் படிக்க வந்தாளோ அதையே பறிக்கிற கதை அது. அப்படிக் கையெழுத்துப் பிரதி வந்தால், எழுதியவர் எவ்வளவு பிரபலமானாலும், காரணம் எழுதித் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

உங்கள் மனைவி இப்போது படிக்கும் தொடரில் நாயகன் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. அந்த அத்தியாயம் வருகிற வாரம் நீங்களும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். படித்துவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.